கொனிகோப்பொலி: ஆங்கில அகராதிக்குள் நம் கணக்கப்பிள்ளை – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலங்கை மலையகத்தின் ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கங்களில் உயர்தரம் படிக்கும் பிள்ளைகளும் அவர்களுடைய ஆசிரியர்களும் சொற்களின் பிறப்பைப் பற்றிப் பல கேள்விகள் கேட்கிறார்கள். அவற்றில் அதிகம் வருவது, இன்று ஆங்கிலேயர்களே மறந்துவிட்ட ஒரு சொல்லைப் பற்றியது. அந்தச் சொல்லின் மூலம் நம் தேயிலைத் தோட்டங்களில் இன்னும் உயிரோடு இருக்கிறது. அதனால் அதை முன்னே வைத்து, அதைச் சுற்றி வரும் மற்றக் கேள்விகளையும் இங்கே சேர்த்திருக்கிறேன்.

கொனிகோப்பொலி என்பது என்ன சொல்?

ஆங்கிலச் சொல். எழுத்துகள் சி, ஓ, என், ஐ, சி, ஓ, பி, ஓ, எல், வை. சென்னையில் கிழக்கிந்தியக் கம்பனி இருந்த காலத்தில், கணக்கு எழுதும் உள்ளூர் எழுத்தரை ஆங்கிலேயர்கள் இப்படி அழைத்தார்கள். இன்று லண்டனில் ஒருவரை நிறுத்திக் கேட்டால் பொருள் தெரியாது. ஆனால் ஹென்றி யூல், ஏ. சி. பர்னல் இருவரும் தொகுத்து 1886இல் வெளியான ஹொப்சன்-ஜொப்சன் அகராதியில் இதற்குத் தனிப்பதிவு உண்டு. இந்தியாவிலும் இலங்கையிலும் ஆங்கிலேயர் பேச்சில் புகுந்த சொற்களைத் தொகுத்த அகராதி அது. இந்தச் சொல்லின் மூலமாக அது காட்டுவது தமிழின் 'கணக்கப்பிள்ளை'.

ஓசை ஒத்திருக்கிறது, சரி. அது மட்டும் போதுமா?

போதாது. சொல்லாராய்ச்சியில் ஓசை ஒற்றுமை கடைசியாகப் பார்க்க வேண்டிய சாட்சி. முதலில் பார்க்க வேண்டியவை மூன்று. அந்தச் சொல் எந்த ஆண்டில், யார் கையெழுத்தில், என்ன பொருளில் வந்தது? அதைக் கொடுத்தவர்களும் எடுத்தவர்களும் உண்மையில் ஓரிடத்தில் பழகினார்களா? இடைப்பட்ட வடிவங்கள் கிடைக்கின்றனவா?

கொனிகோப்பொலி இந்த மூன்றிலும் தேறுகிறது. 1544இல், முத்துக்குளித்துறைக் கரையில் கிறிஸ்தவ ஊழியம் செய்த பிரான்சிஸ் சவேரியார் தன் துணைவர் மன்சிலாசுக்கு ஒரு கடிதம் எழுதுகிறார். எழுதத் தெரிந்த ஒரு 'கொனகாப்புலா'வைக் கூடவே கூட்டிப் போங்கள், சிறுவர்களும் புதிதாகச் சேர்ந்தவர்களும் மனப்பாடம் செய்ய வேண்டிய செபங்களை அவர் கையால் எழுதி ஊருக்கு ஊர் விட்டுவிட்டு வரலாம் என்கிறார். இந்தச் சொல்வடிவம் அந்தக் கடிதத்தின் லத்தீன் பதிப்பில் உள்ளது.

அடுத்தது 1672. யாழ்ப்பாணத்தில் ஊழியம் செய்த ஒல்லாந்தப் போதகர் பிலிப்பஸ் பல்தேயஸ், சவேரியார் எங்கும் 'கானகாப்பெல்' என்ற ஆசிரியர்களை நியமித்தார் என்று இலங்கையைப் பற்றிய தன் நூலில் எழுதுகிறார்.

1680 செப்டம்பரில் சென்னை ஜோர்ஜ் கோட்டைக் குறிப்பேட்டில் ஆங்கிலேயரே எழுதிய வடிவம் கிடைக்கிறது: 'கான்கோப்ளி'. அந்தக் குறிப்பு எனக்கு மிகவும் பிடித்த ஒன்று. ஆளுநர் தன் ஆலோசனைச் சபையோடும் படைவீரர்களோடும் முந்நூறு சலவைத் தொழிலாளர்களோடும் சென்னை எல்லையைச் சுற்றி நடக்கிறார். நிலம் மற்றவர்களின் நிலத்தோடு பின்னிக் கிடப்பதால் எது எங்கே முடிகிறது என்று ஆளுநருக்குத் தெரியவில்லை. சொல்லக்கூடியவர் நிலக் கணக்கு வைத்திருந்த கான்கோப்ளி ஒருவர்தான். ஊருக்கு ஒரு கான்கோப்ளியும் ஒரு பறையரும் இந்த வேலைக்கு இருக்கிறார்கள், தகப்பனுக்குப் பிறகு மகன் என்று அது என்றைக்கும் தொடரும் என்றும் அந்தக் குறிப்பு சொல்கிறது. (தமிழ்நாட்டில் அந்தப் பரம்பரைக் கிராம அதிகாரி முறையை அரசு ஒழித்தது 1980இல்தான்.)

மூன்று மொழிக்காரர்கள், மூன்று விதமான எழுத்து, பொருள் மட்டும் ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டே வருகிறது. நம்பத் தகுந்த பிறப்பு வரலாறு என்றால் அது இப்படி இருக்க வேண்டும்.

'பிள்ளை' எப்படிப் 'பொலி' ஆனது? இவ்வளவு தூரம் சிதையுமா?

எழுத்துத் தமிழை வைத்துப் பார்த்தால் தூரம்தான். பேச்சுத் தமிழை வைத்துப் பாருங்கள், அடுத்த வீடு.

தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் யாரும் 'பிள்ளை' என்று சொல்வதில்லை, 'புள்ள' என்றுதான் சொல்கிறோம். 'பிடி' 'புடி'யாகிறது, 'வீடு' 'வூடு' ஆகிறது, 'பெண்' 'பொண்ணு' ஆகிறது. இதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. உதட்டால் சொல்லும் ப, வ போன்ற எழுத்துக்குப் பின்னே, நாக்கை மடித்துச் சொல்லும் ட, ண, ள, ழ போன்ற எழுத்துக்கு முன்னே இகரமோ எகரமோ வந்தால் அது உகரமாக அல்லது ஒகரமாகக் குவிகிறது. கொச்சை என்று இதை ஒதுக்குகிறவர்கள் உண்டு. அது தவறு. விதிப்படி நடக்கும் ஒலிமாற்றம் இது.

இப்போது பழைய வடிவங்களுக்குத் திரும்புங்கள். சவேரியாரின் லத்தீன் வடிவத்தில் இருப்பது 'புலா', 'பிலா' இல்லை. ஆங்கிலத்தில் இருப்பது 'பொலி', 'பிலி' இல்லை. வெளிநாட்டார் காதில் விழுந்தது நம் ஆட்கள் வாயில் இருந்த 'கணக்கப்புள்ள' என்பதுதான் என் முடிவு. இலக்கண நூலைப் பார்த்து அவர்கள் எழுதியிருந்தால் அந்த இடத்தில் இகரம் நின்றிருக்கும். அதாவது, இன்று நாம் கொச்சை என்று வெட்கப்படும் உச்சரிப்புக்குப் பல நூறு ஆண்டுப் பழைய ஆவணம் வேற்று மொழி எழுத்தில் இருக்கிறது. மாணவர்களிடம் இதைச் சொல்லும்போது எனக்குக் குரல் உயர்ந்துவிடும். தோட்டத்துப் பேச்சைக் கேலி செய்து பழகிய வகுப்பறைகளில் இது உரக்கச் சொல்ல வேண்டிய செய்தி.

மற்ற மாற்றங்கள் எளியவை. ண, ள இரண்டும் இந்த ஐரோப்பியர்களின் மொழிகளில் இல்லாததால் ன, ல ஆகின. போர்த்துக்கேயத்தில் இது 'கனகாப்பொலெ' என்ற சாயலில் வழங்கியது. அந்த மொழியில் சொல்லின் இறுதி எகரம் மெலிந்து இகரத்தின் பக்கம் சாயும். அங்கிருந்து ஆங்கிலத்தின் கடைசி 'இ' ஓசைக்கு ஓர் அடிதான்.

'மொனொப்பொலி' என்ற சொல்லோடு உறவு உண்டா?

இல்லை. அது கிரேக்கம்: 'தனி' என்ற சொல்லும் 'விற்றல்' என்ற சொல்லும் சேர்ந்தது. ஈறு ஒத்திருப்பது தற்செயல்.

கணக்கு எழுதுகிறவர் எப்படி வேதம் சொல்லிக்கொடுப்பவர் ஆனார்?

அருமையான கேள்வி. விடை பழந்தமிழில் இருக்கிறது.

இன்று 'கணக்கு' என்றால் கூட்டல் கழித்தல்தான் நினைவுக்கு வரும். பழைய வழக்கில் எழுத்தும் நூலும்கூடக் கணக்கு. பதினெண்கீழ்க்கணக்கு என்ற தொகுப்பில் வரும் கணக்கு எண்ணிக்கை இல்லை, நூல். கற்பிப்பவர் 'கணக்காயர்'. நக்கீரரை 'மதுரைக் கணக்காயனார் மகனார்' என்று சங்க நூல்கள் குறிக்கின்றன, ஓர் ஆசிரியரின் மகன் என்று பொருள். கணக்காயர் இல்லாத ஊர் நன்மை தராது என்கிறது திரிகடுகம்.

ஆகவே ஊரில் எழுதத் தெரிந்தவர் ஒருவர் இருந்தார் என்றால், நிலக் கணக்கு எழுதியவரும் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தவரும் அவராகவே இருப்பது இயல்பு. சவேரியாருக்குத் தேவைப்பட்டதும் எழுதத் தெரிந்த ஒரு கை. பல்தேயஸ் அதை 'ஆசிரியர்' என்று விளக்கியது பிழை இல்லை. சென்னையில் கம்பனிக்காரர்களுக்கு வரவு செலவும் எல்லையும் முக்கியம், அதனால் அங்கே கணக்கர் என்ற பொருள் நிலைத்துவிட்டது.

'கணக்கு' என்ற சொல்லின் வேர் பற்றி இரண்டு பக்கமும் வாதம் உண்டு. எண்ணுதல் என்ற பொருளுள்ள வடமொழி வேரோடு இணைப்பவர்களும் உண்டு, தமிழ் வேரோடு இணைப்பவர்களும் உண்டு. கொனிகோப்பொலிக்கு அது தேவைப்படாத சண்டை. ஆங்கிலேயர் எடுத்தது தமிழில் முழுதாக உருவாகி நடமாடிய கூட்டுச் சொல்லை.

'பிள்ளை' என்பது இங்கே குழந்தையா, சாதிப் பட்டமா?

மூலப் பொருள் குழந்தை, இளையவர். பிறகு மரியாதை ஈறாகவும் சில சமூகங்களின் பட்டமாகவும் ஆனது. கணக்கப்பிள்ளை என்ற பதவிப் பெயரில் அது 'ஆள்' என்ற அளவில் நிற்கிறது. ஹொப்சன்-ஜொப்சனும் 'கணக்கு ஆள்' என்றுதான் பெயர்க்கிறது.

இந்தச் சொல் மலையகத்துக்கு எப்படி வந்தது?

ஆட்களோடு வந்தது. 1815இல் கண்டி இராச்சியம் பிரித்தானியர் கையில் விழுந்தது. 1820களில் கம்பளைப் பக்கம் கோப்பித் தோட்டங்கள் தொடங்கின. இராமநாதபுரம், மதுரை, திருநெல்வேலி, திருச்சி, புதுக்கோட்டை, சேலம் பகுதிகளிலிருந்து வந்தவர்கள் தங்கள் ஊர் அதிகாரத்தின் பெயர்களையும் கூடவே கொண்டுவந்தார்கள். ஆட்களை மேற்பார்க்கும் கங்காணி அப்படி வந்தது, கணக்கப்பிள்ளையும் அப்படியே.

ஊரில் கணக்கப்பிள்ளை நிலத்தின் கணக்கு வைத்திருந்தார். தோட்டத்தில் அவர் கணக்கு வைத்தது ஆட்களுக்கு: காலை அணிவகுப்பான பெரட்டில் யார் நின்றார், யாருக்கு முழுப்பேர் (முழுநாள் கூலி), யாருக்கு அரைப்பேர், எந்த மலையில் எத்தனை ஆள். கங்காணிக்கு மேலே, தோட்ட வேலைகளைப் பார்க்கும் அதிகாரியான கண்டக்டர் ஐயாவுக்குக் கீழே அவருடைய இடம். 'பேர் விழுந்ததா?' என்ற கேள்விக்கு அன்றைய கூலி கிடைக்குமா என்று பொருள் இருக்கும் இடத்தில், பேர் எழுதும் கைக்கு எவ்வளவு பலம் இருந்திருக்கும் என்பதைத் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

1869இல் தொடங்கிய இலை நோய் கோப்பியை அழித்தது. லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 1867இல் பயிரிட்ட தேயிலை மலை முழுவதும் பரவியது. பயிர் மாறியது, தோட்டத்துப் பதவிப் பெயர்கள் மாறவில்லை.

தோட்டத் துரைமார் எழுதிய ஆங்கிலத்தில் கொனிகோப்பொலி வருவதில்லையே?

சரியாகக் கவனித்திருக்கிறீர்கள். இலங்கைத் துரைமாரின் எழுத்தில் வருவது 'கனகபுள்ளெ' போன்ற வடிவம். அதாவது ஒரே தமிழ்ச் சொல் ஆங்கிலத்துக்குள் இரண்டு தடவை போயிருக்கிறது. முதல் தடவை கடற்கரை வழியாக, போர்த்துக்கேயர் வாய் பட்டு, 17ஆம் நூற்றாண்டுச் சென்னையில். இரண்டாம் தடவை மலை வழியாக, தொழிலாளியின் வாயிலிருந்து துரையின் காதுக்கு நேராக, 19ஆம் நூற்றாண்டில். நேராகப் போனது அதிகம் சிதையவில்லை. அதிலும் உகரம் இருக்கிறது என்பதைக் கவனியுங்கள், மலையில் கேட்டதும் 'புள்ள'தான்.

முதலாவது பழைய ஆவணங்களுக்குள் அடங்கிவிட்டது. இரண்டாவது தோட்ட அலுவலகங்களில் 'கே.பி.' என்று சுருங்கி இன்னும் வழக்கில் இருக்கிறது.

கங்காணி, துண்டு போன்றவையும் ஆங்கிலத்தில் உண்டா?

உண்டு. கங்காணி ஆங்கில அகராதிகளில் இடம் பிடித்துவிட்டது. மூலம் கண்காணி, கண்காணிப்பவர். 'துண்டு' இலங்கைத் தோட்டச் சட்ட ஆங்கிலத்தில் வழங்கியது. தொழிலாளியின் கடன் எவ்வளவு என்று எழுதிய சீட்டு அது. அந்தக் கடனைத் தீர்க்கிற தோட்டம் ஆளை எடுத்துக்கொள்ளலாம். ஒரு மனிதரை ஒரு மலையிலிருந்து இன்னொரு மலைக்குக் கடனோடு கைமாற்றிய காகிதம். அந்த முறை 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

எதிர்த் திசையில் வந்தவையும் ஏராளம். வரிசை வீடுகளைக் குறித்த ஆங்கில 'லைன்' நமக்கு லயம் ஆனது, அணிவகுப்பைக் குறித்த 'பரேட்' பெரட்டு ஆனது.

'கூலி' என்ற ஆங்கிலச் சொல் தமிழ்தானே?

தமிழில் 'கூலி' என்றால் வேலைக்குக் கொடுக்கும் ஊதியம். 'மெய்வருத்தக் கூலி தரும்' என்று வள்ளுவர் சொல்லும்போதும் அதே பொருள். ஆளை அந்தச் சொல்லால் அழைப்பது பின்னாளில் வந்தது. ஆங்கிலச் சொல்லுக்கு இரண்டு மூலங்கள் காட்டப்படுகின்றன. ஒன்று தமிழ்க் கூலி. மற்றது குஜராத் பக்கத்துக் கோலி என்ற சமூகத்தின் பெயர். போர்த்துக்கேயர் இரண்டு கரைகளிலும் இருந்தார்கள், இரண்டும் அவர்கள் பேச்சில் கலந்திருக்க இடம் உண்டு. தமிழ் மட்டும்தான் என்று மேடையில் அடித்துச் சொல்வதை நான் ஏற்கவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வேலைக்கான ஊதியத்தின் பெயரை வேலை செய்கிறவரின் பெயராக்கி, அதையே தலைமுறைகளுக்கு வசையாக்கினார்கள். அந்த வசையைக் கேட்டு வளர்ந்த தாத்தா பாட்டிகள் நம் வீடுகளில் இருந்தார்கள். இதன் பிறப்பை ஆராயும்போது அந்த நினைவோடுதான் ஆராய வேண்டும்.

ஆங்கிலத்தின் 'ஒன்', 'கேஷ்' எல்லாம் தமிழ் என்று பகிர்கிறார்களே?

'ஒன்' தமிழ் 'ஒன்று' இல்லை. பழைய ஆங்கிலத்தில் அது 'ஆன்'. ஜெர்மன், லத்தீன் உறவுச் சொற்களோடு அதன் வரலாறு தெளிவாக இருக்கிறது. இன்றைய உச்சரிப்புப் பிற்காலத்தது. இன்றைய ஓசையை வைத்து அன்றைய உறவைத் தீர்மானிப்பதில்தான் பெரும்பாலானோர் வழுக்குகிறார்கள்.

'கேஷ்' கொஞ்சம் சுவையானது. ரொக்கப் பணம் என்ற பொருளில் வரும் சொல் பணப்பெட்டியைக் குறித்த பிரெஞ்சு, இத்தாலியச் சொற்களிலிருந்து வந்தது. ஆனால் இந்தியாவிலும் சீனத்திலும் வழங்கிய சிறு நாணயத்துக்கு ஆங்கிலேயர் வைத்த பெயரும் அதே எழுத்துகளால் ஆனது. அது நம் 'காசு', போர்த்துக்கேயர் வழியாகப் போனது. ஒரே உருவம், இரண்டு பிறப்பு.

ஐயமே இல்லாதவை வேண்டுமா? கட்டுமரம், சுருட்டு, மிளகுத்தண்ணி. ஆங்கிலத்துக்கு இவை போன தடயம் அழிக்க முடியாதது.

அனகொண்டா 'ஆனைக்கொன்றான்' என்பது உண்மையா?

கேட்க அழகாக இருக்கிறது, அதனாலேயே கூடுதல் கவனம் வேண்டும். 1693இல் ஜோன் ரே என்ற ஆங்கில இயற்கை அறிஞர், லெய்டன் அருங்காட்சியகப் பாம்புப் பட்டியலிலிருந்து இலங்கைப் பாம்பு ஒன்றின் பெயராக 'அனகண்டாயா' என்று எழுதினார். தென் அமெரிக்கப் பாம்புக்கு அந்தப் பெயர் பிற்பாடு மாறிப் போனது. தமிழ் ஆனைக்கொன்றான் மூலமாக இருக்கலாம் என்று யூல் கருதினார். சிங்களத்தில் 'ஹெனகந்தயா' என்ற பாம்புப் பெயர் உண்டு. ரேயின் எழுத்தோடு வைத்துப் பார்த்தால் சிங்கள வடிவமே நெருங்கி நிற்கிறது, தமிழ் வடிவத்தில் உள்ள 'ன்றான்' அங்கே இல்லை. அதனால் என் வாக்கு சிங்களத்துக்கு. நம் மொழிக்கு ஒரு சொல் குறைகிறதே என்று வருந்த வேண்டாம். கொனிகோப்பொலியை நாம் நிறுவியதும் இதே அளவுகோலால்தான். ஓரிடத்தில் வளைத்தால் மற்ற இடத்திலும் அது செல்லாது.

நானே ஒரு சொல்லைத் தேட விரும்பினால் எங்கே தொடங்குவது?

கைப்பேசி போதும். சிகாகோ பல்கலைக்கழகத்தின் தெற்காசிய அகராதித் தளத்தில் ஹொப்சன்-ஜொப்சன், சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிக்கன், வின்சுலோ அகராதி, பரோ-எமனோவின் திராவிடச் சொற்பிறப்பு அகராதி எல்லாம் இலவசமாக உள்ளன. ஹொப்சன்-ஜொப்சனில் விளக்கத்தை மட்டும் படித்து நிறுத்தாதீர்கள், கீழே ஆண்டு வாரியாக வரும் மேற்கோள்களில்தான் சரக்கு இருக்கிறது. ஒக்ஸ்போர்ட் பேரகராதியும் அதே முறையில் கட்டப்பட்டது. 1884இல் முதல் பகுதி வந்து, 1928இல்தான் முடிந்தது. அத்தனை ஆண்டு எடுத்ததற்கு முக்கியக் காரணம், ஒவ்வொரு பொருளுக்கும் ஆண்டோடு கூடிய சான்று வேண்டும் என்று அவர்கள் பிடிவாதமாக இருந்தது.

தேடும்போது ஒரே எழுத்துக்கூட்டலில் நிற்காதீர்கள். கணக்கப்பிள்ளையின் ஐரோப்பிய வடிவங்களை மேலே பார்த்தீர்கள், ஒன்றைத் தேடினால் மற்றது கிடைக்காது.

எங்கள் தோட்டத்தில் மட்டும் வழங்கும் சொற்களை எப்படிக் குறித்துவைப்பது?

அகராதிபோல் சொல்லும் பொருளும் மட்டும் எழுதினால் பிற்காலத்தில் யாருக்கும் பயன்படாது. பேசிய வாக்கியத்தை முழுதாக எழுதுங்கள், பேசிய மாதிரியே. 'புள்ள' என்றால் 'புள்ள', திருத்த வேண்டாம். தோட்டம், டிவிஷன், சொன்னவருக்கு ஏறக்குறைய என்ன வயது, எழுதிய திகதி இவற்றைப் பக்கத்தில் போடுங்கள். கவ்வாத்து, கொந்தரப்பு, தலைக்காசு, சில்லறைக் கங்காணி என்று வேலையோடு ஒட்டிய சொற்களை முதலில் எடுங்கள், வேலை முறை மாறும்போது முதலில் போவது அவைதான். குரலைப் பதிவு செய்ய அனுமதி கிடைத்தால் இன்னும் நல்லது. அனுமதி கேட்காமல் பதிய வேண்டாம்.